பானைத் தண்ணீர் எத்தனை டிகிரி? சென்சார் அனுப்பும் எண்களைக் கணினியில் கோட்டுப்படமாக்கும் முழுமையான வழிகாட்டி

மண்பானையில் ஊற்றிய தண்ணீர் குளிரும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு குளிர்கிறது, அதற்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறது, பக்கத்தில் மின்விசிறியைச் சுழலவிட்டால் வேகம் கூடுகிறதா என்றெல்லாம் கேட்டால், கையை விட்டுப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. பானைக்குள் ஒரு சென்சாரும் பக்கத்து எவர்சில்வர் பாத்திரத்துக்குள் இன்னொரு சென்சாரும் இறக்கி, இரண்டையும் கணினியோடு இணைத்துவிட்டால் விடை திரையிலேயே வளரத் தொடங்கும். முதல் சில நிமிடங்கள் ஒட்டிக்கொண்டே போகும் இரண்டு கோடுகள் மெல்லப் பிரியும். அந்தப் பிரிவைக் கண்ணால் பார்ப்பதில் ஒரு தனி மகிழ்ச்சி இருக்கிறது.

அந்த இரண்டு கோடுகளையும் தொடக்கத்திலிருந்து வரைந்து முடிப்பதற்கான வழிகாட்டி இது. வெப்பநிலைக்குப் பதிலாக ஒளி, மண்ணின் ஈரம், தொட்டியின் நீர்மட்டம் என எதை அளந்தாலும் வழி இதேதான். சென்சார் மட்டும் மாறும்.

கோடு வரைவது ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். அந்தக் கோட்டை நம்பும்படி செய்வதற்குத்தான் உழைப்பு தேவை. தவறான எண்ணையும் கணினி அதே அழகோடு வரைந்து காட்டும். ஆகவே ஒவ்வொரு படியிலும் எண் எங்கே பிறக்கிறது, வழியில் என்னவெல்லாம் ஆகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வாங்க வேண்டியவை

சென்சாரைப் படித்து எண்களைக் கணினிக்கு அனுப்பும் சிறு மின்னணுப் பலகையான ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று போதும். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் பயன்படுத்தும்படி உருவாக்கப்பட்டது ஆர்டுயினோ. வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது என்பதால் அதே அமைப்பில் குறைந்த விலைப் போர்டுகளும் கடைகளில் நிறைய கிடைக்கின்றன. அவையும் இந்த வேலைக்குப் போதுமானவை. அத்துடன் பற்றவைக்காமலே கம்பிகளைச் செருகி இணைக்க உதவும் பிரெட்போர்டு ஒன்று, ஜம்பர் வயர்கள், எல்எம்35 வெப்பநிலை சென்சார் ஒன்று, எஃகுக் குழாய்க்குள் அடைத்து நீர் புகாதபடி விற்கப்படும் டிஎஸ்18பி20 சென்சார் இரண்டு, 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் மிகவும் உதவும்.

யுஎஸ்பி கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. சில கேபிள்களில் மின்சாரம் கொண்டுசெல்லும் இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும். போர்டின் விளக்கு எரியும். கணினியோ போர்டு வந்ததாகவே காட்டாது. போர்டு பழுது என்று முடிவுகட்டும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

படி 1: கணினிக்கு போர்டை அறிமுகம் செய்தல்

ஆர்டுயினோ மென்பொருளை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து நிறுவுங்கள். போர்டை இணைத்து, கருவிகள் பட்டியலில் போர்டு வகையாக ஊனோவையும், அது கணினியோடு பேசும் வாயிலான போர்ட்டையும் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் அது காம் 3, காம் 5 என்பது போலத் தெரியும். எதுவென்று குழப்பமாக இருந்தால் கேபிளைப் பிடுங்குங்கள். பட்டியலிலிருந்து மறைவது எதுவோ அதுதான். நகல் போர்டுகள் பலவற்றில் சிஎச்340 என்ற யுஎஸ்பி சிப் இருக்கும். அதைக் கணினி அடையாளம் காண உதவும் டிரைவர் என்ற சிறு மென்பொருளைத் தனியாக நிறுவ நேரலாம். லினக்ஸில் போர்ட் தெரிந்தும் அனுமதி இல்லை என்று வந்தால், உங்கள் பயனர் கணக்கை டயல்அவுட் என்ற குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள்.

படி 2: முதல் கோடு

எல்எம்35க்கு மூன்று கால்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி பிடியுங்கள். இடது கால் 5 வோல்ட், நடுக்கால் வெளியீடு, வலது கால் கிரவுண்ட், அதாவது போர்டில் ஜிஎன்டி என்று குறித்திருக்கும் சுழி வோல்ட் முனை. நடுக்காலைப் போர்டின் ஏ0 முனையில் இணையுங்கள். இடம் வலம் மாறினால் சென்சார் சில விநாடிகளில் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடும். தொட்டுப் பார்த்து, சூடு தெரிந்தால் உடனே கேபிளைக் கழற்றுங்கள்.

நிரல் எழுதத் தெரியாதே என்ற தயக்கம் வேண்டாம். மென்பொருளோடு வரும் உதாரணங்களின் முதல் தொகுப்பில் 'அனலாக்ரீட்சீரியல்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து போர்டில் ஏற்றுங்கள். கட்டளைப் பெயர்களை நான் இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். உதாரணத்தைத் திரையில் வைத்துக்கொண்டு படித்தால் எது எது என்று உடனே புரிந்துவிடும். அந்த நிரல் செய்வது இவ்வளவுதான்: 'சீரியல் பிகின்' என்ற கட்டளையால் கணினியோடு விநாடிக்கு 9,600 பிட் வேகத்தில் பேச்சைத் தொடங்குகிறது, 'அனலாக்ரீட்' கட்டளையால் ஏ0 முனையின் மின்னழுத்தத்தை அளக்கிறது, 'பிரிண்ட்எல்என்' கட்டளையால் அந்த எண்ணை ஒரு வரியாக அனுப்புகிறது, கொஞ்சம் காத்திருந்து மறுபடி தொடங்குகிறது. கடைசியில் இருக்கும் 'டிலே' மதிப்பை 200 என்று மாற்றிவிடுங்கள். விநாடிக்கு ஐந்து எண்கள் வரும்.

இப்போது கருவிகள் பட்டியலில் 'சீரியல் பிளாட்டர்' என்பதைத் திறங்கள். கோடு ஓடத் தொடங்கிவிட்டது. சென்சாரை இரண்டு விரல்களால் பிடியுங்கள், கோடு ஏறும். விடுங்கள், மெதுவாக இறங்கும். ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றாக இருக்காது. விரல் நேரடியாக வெப்பத்தைத் தருகிறது, காற்று அதை அவ்வளவு எளிதாக வாங்கிக்கொள்வதில்லை. ஒரு விசிறியால் வீசிப் பாருங்கள், இறக்கம் செங்குத்தாகும். இந்த ஐந்து நிமிட விளையாட்டைத் தவிர்க்காதீர்கள். கையும் கண்ணும் ஒரு சென்சாரை இப்படித்தான் பழக வேண்டும்.

படி 3: எண்ணை வெப்பநிலையாக மாற்றுதல்

பிளாட்டரில் வருவது வெப்பநிலை இல்லை. 0 முதல் 1023 வரையான ஓர் எண். 5 வோல்ட்டை 1,024 சம படிகளாகப் பிரித்து, சென்சாரின் மின்னழுத்தம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை போர்டு சொல்கிறது. ஒரு படி ஏறக்குறைய 4.88 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 மில்லிவோல்ட் தரும். ஆகவே வந்த எண்ணை 500ஆல் பெருக்கி 1024ஆல் வகுத்தால் டிகிரி.

இந்தச் சின்னக் கணக்குக்குள் மூன்று பள்ளங்கள் இருக்கின்றன. மூன்றையும் நிதானமாகப் பார்த்துவிடுவோம். பெரும்பாலான தவறான வரைபடங்கள் பிறப்பது இங்கேதான்.

முதல் பள்ளம், 500 என்று எழுதுவதா 500.0 என்று எழுதுவதா என்பது. ஊனோவில் சாதாரண முழு எண் 32,767 வரைதான் கொள்ளும். சென்சார் எண் 65ஆக இருக்கும்வரை பெருக்குத்தொகை 32,500, தொல்லை இல்லை. 66 ஆனதும் 33,000. பாத்திரம் நிரம்பி வழிந்து எண் எதிர்மறைக்குப் புரண்டுவிடும். அறை 31 டிகிரியில் இருக்கும்போது ஒழுங்காக ஓடிய கோடு, 32ஐத் தொட்ட மறுகணம் மைனஸ் 31க்குப் பாய்கிறது. காலையில் சரியாக இருந்த கருவி மதியம் கெட்டுவிட்டது என்று சென்சாரை மாற்றுவார்கள். புதியதும் அதையே செய்யும். 500.0 என்று ஒரு புள்ளியும் சுழியும் சேர்த்து, விடையை 'ஃப்ளோட்' வகை மாறியில் வைத்தால் இந்தத் தொல்லை அடியோடு போய்விடும்.

இரண்டாவது, கோடு படிக்கட்டாக வருவது. ஒரு படி 4.88 மில்லிவோல்ட் என்றால் அது அரை டிகிரிக்குச் சமம். எண் 60 என்றால் 29.3, 61 என்றால் 29.8, 62 என்றால் 30.3. இடையில் எதுவும் வராது. பானைத் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் ஓரிரு டிகிரி இறங்குவதைப் பார்க்க விரும்பும் நமக்கு இந்தப் படிக்கட்டு போதாது. ஊனோவுக்குள்ளேயே 1.1 வோல்ட் அளவுகோல் ஒன்று இருக்கிறது. தொடக்கத்தில் 'அனலாக்ரெஃபரன்ஸ்' கட்டளைக்கு 'இன்டர்னல்' என்று சொன்னால், 1,024 படிகளும் அந்த 1.1 வோல்ட்டுக்குள் அடங்கும். ஒரு படி இப்போது பத்தில் ஒரு டிகிரி. கணக்கிலும் 500.0க்குப் பதிலாக 110.0 என்று போடுங்கள். 110 டிகிரிக்கு மேல் அளக்க முடியாது, தண்ணீருக்கு அது தேவையும் இல்லை. அளவுகோலை மாற்றியதும் வரும் முதல் சில எண்களை மட்டும் விட்டுவிடுங்கள். ஏரெஃப் என்ற முனையில் எந்தக் கம்பியும் இருக்கக் கூடாது.

மூன்றாவது பள்ளம் கண்ணுக்கே தெரியாதது. 5 வோல்ட் என்று நாம் நம்பும் யுஎஸ்பி மின்னழுத்தம் உண்மையில் 4.7 வோல்ட்டாக இருக்கலாம். அப்போது உண்மையான 30 டிகிரியைக் கணக்கு சுமார் 32 என்று காட்டும். கோடு வழுவழுப்பாக, குறையே இல்லாமல் இருக்கும். இரண்டு டிகிரி உயரத்தில் ஓடும், அவ்வளவுதான். மல்டிமீட்டரால் 5 வோல்ட் முனையை அளந்து, அந்த எண்ணின் நூறு மடங்கை 500க்குப் பதிலாகக் கணக்கில் போடுங்கள். உள் அளவுகோலும் சிப்புக்குச் சிப் 1.0 முதல் 1.2 வரை மாறக்கூடியது. அதைத் தேர்ந்தெடுத்தபின் ஏரெஃப் முனையில் மல்டிமீட்டரை வைத்தால் உங்கள் போர்டின் உண்மை மதிப்பு தெரியும். ஒருமுறை அளந்து போர்டின் பின்புறமே எழுதி ஒட்டிவிடுங்கள்.

நடுக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏ0வில் எதையும் இணைக்காமல் பிளாட்டரைப் பாருங்கள். கோடு பேய் பிடித்ததுபோல் ஆடும், கையை அருகே கொண்டுபோனால் இன்னும் அதிகமாக ஆடும். சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயல் அது. நீளமான சென்சார் கம்பியிலும் இது ஏறிக்கொள்ளும். வீட்டு மின்சாரத்தின் ஒரு முழு அலைக்கு 20 மில்லிவிநாடி. அந்த 20 மில்லிவிநாடி முழுவதும் தொடர்ந்து அளந்து சராசரி எடுத்தால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று தின்றுவிடும். ஊனோ ஒருமுறை அளக்க ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு விநாடி ஆகும். ஆகவே சுமார் இருநூறு அளவுகளின் சராசரி. கோடு சட்டென்று அமைதியாவதைப் பார்க்கலாம்.

படி 4: தண்ணீருக்குள் இறங்குதல்

எல்எம்35ஐ அப்படியே தண்ணீரில் போட முடியாது, கால்கள் நனைந்து எண் குழம்பும். இங்கேதான் டிஎஸ்18பி20 வருகிறது. இது வெப்பநிலையைத் தனக்குள்ளேயே எண்ணாக்கி அனுப்பும். அதனால் நீளக் கம்பியின் நடுக்கமும் யுஎஸ்பி மின்னழுத்தக் குறைவும் எண்ணைக் கெடுப்பதில்லை. நுணுக்கம் 0.0625 டிகிரி, ஒருமுறை அளக்க அதிகபட்சம் முக்கால் விநாடி எடுத்துக்கொள்ளும்.

பெரும்பாலும் சிவப்புக் கம்பி 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் தரவு. விற்பவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டு சென்சார்களின் மஞ்சள் கம்பிகளையும் சேர்த்து போர்டின் 2ஆம் முனையில் இணைக்கலாம். ஒவ்வொரு சென்சாருக்கும் 64 பிட் நீளமுள்ள தனி முகவரி உண்டு, ஒரே கம்பியில் இரண்டும் சண்டையின்றிப் பேசும். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இடையே அந்த 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். அதை மறந்தால் சென்சார் இருப்பதாகவே போர்டுக்குத் தெரியாமல் போகும்.

ஆர்டுயினோ மென்பொருளின் நூலக மேலாளரில் 'ஒன்வயர்', 'டாலஸ் டெம்பரேச்சர்' என்ற இரண்டு நூலகங்களையும், அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளையும், நிறுவி, இரண்டாவதோடு வரும் 'சிம்பிள்' என்ற உதாரணத்தைத் திறங்கள். அதில் 0ஆம் சென்சாரைக் கேட்கும் வரி இருக்கும். அதைப் படியெடுத்து 1ஆம் சென்சாரையும் கேளுங்கள். எது 0, எது 1 என்பது அவற்றின் முகவரியைப் பொறுத்தது. நீங்கள் செருகிய வரிசையைப் பொறுத்தது அன்று. ஒன்றை உள்ளங்கையில் பொத்திப் பிடித்து, ஏறும் எண் எதுவென்று பார்த்து, கம்பியில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள்.

இரண்டு எண்களை நீங்கள் சந்தேகப்பட வேண்டும். 85 டிகிரி என்று வந்தால் சென்சார் இன்னும் அளக்கவே இல்லை. மின்சாரம் கிடைத்ததும் அது வைத்துக்கொள்ளும் தொடக்க மதிப்பு அது. மைனஸ் 127 என்று வந்தால் சென்சார் பதிலே சொல்லவில்லை, கம்பி கழன்றிருக்கும். இந்த இரண்டும் வரும் வரிகளில் மதிப்பை வெற்றாக விடுங்கள். சுழி என்று போட்டுவிடாதீர்கள். சுழியும் ஒரு வெப்பநிலைதான். பின்னால் பார்ப்பவருக்குப் பானை ஒரு கணம் உறைந்ததாகத் தெரியும்.

படி 5: இரண்டு சென்சார்களையும் ஒத்துப்போக வைத்தல்

ஒவ்வொரு டிஎஸ்18பி20க்கும் அரை டிகிரிவரை பிழை அனுமதிக்கப்பட்டது. ஒன்று அரை டிகிரி கூடவும் மற்றது அரை டிகிரி குறையவும் காட்டினால், ஒரே தண்ணீரில் இருந்தாலும் ஒரு டிகிரி வித்தியாசம் தெரியும். நாம் அளக்கப்போவதே சில டிகிரி வித்தியாசத்தைத்தான். ஆகவே இரண்டையும் ரப்பர் வளையத்தால் சேர்த்துக் கட்டி, ஒரே வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் விட்டுப் பதிவு செய்யுங்கள். வித்தியாசம் நிலையாக 0.4 என்று வந்தால், ஒன்றிலிருந்து அந்த 0.4ஐக் கழித்துவிடுங்கள். உண்மையான டிகிரியும் சரிதானா என்று பார்க்க, பனிக்கட்டியை நன்றாகப் பொடித்து, கொஞ்சம் தண்ணீர் சேர்த்துக் கூழாக்கி, அதில் இரண்டையும் நட்டுவையுங்கள். கலக்கிக்கொண்டே இருந்தால் 0 டிகிரி காட்ட வேண்டும்.

படி 6: நேரத்தையும் சேர்த்து அனுப்புதல்

கிடை அச்சில் வரும் நேரம் எங்கிருந்து வருகிறது என்று பலர் யோசிப்பதே இல்லை. நிரலின் கடைசியில் 'டிலே'யைப் பத்து விநாடி என்று வைத்தால், வரிக்குப் பத்து விநாடி என்று எண்ணிக்கொள்வார்கள். ஆனால் சென்சார் முக்கால் விநாடி எடுத்துக்கொள்கிறதே! உண்மை இடைவெளி 10.75 விநாடி. ஆறு மணி நேரப் பதிவில் வருவது 2,009 வரிகள். அவற்றைப் பத்தால் பெருக்கினால் 5 மணி 35 நிமிடம். 25 நிமிடம் காணாமல் போய்விட்டது. மூன்று மணிக்கு மின்விசிறியைப் போட்டதன் விளைவு அதற்கு முன்பே தெரிவதாக வரைபடம் சொல்லும்.

ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் 'மில்லிஸ்' கட்டளை தரும் மதிப்பை அனுப்புங்கள். போர்டு விழித்ததிலிருந்து கடந்த மில்லிவிநாடி அது. அதன்பின் ஒரு காற்புள்ளி, பானையின் வெப்பநிலை, காற்புள்ளி, பாத்திரத்தின் வெப்பநிலை. ஒரு வரியில் மூன்று எண்கள், வேறு சொல் எதுவும் வேண்டாம். நாள் கணக்கில் நீளும் பதிவு என்றால் கணினியின் கடிகாரத்தையே நம்புங்கள். ஊனோவின் சிப்புக்குத் தாளம் போடும் செராமிக் ரெசனேட்டர் குவார்ட்ஸ் அளவுக்குத் துல்லியமானது இல்லை. அது அரை சதவீதம் பிசகினாலே ஒரு நாளைக்கு ஏழு நிமிடம் விலகிவிடும். 'மில்லிஸ்' சுமார் 50 நாளில் சுழிக்குத் திரும்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிளாட்டரில் இதை அப்படியே பார்த்தால் நேரமும் ஒரு கோடாக வானத்துக்கு ஏறும், மற்ற இரண்டும் தரையில் படுத்துவிடும். சோதித்துப் பார்க்கும்போது மட்டும் நேரத்தை விட்டுவிட்டு இரண்டு வெப்பநிலைகளையும், கூடவே 20, 40 என்ற இரண்டு நிலையான எண்களையும் அனுப்புங்கள். பிளாட்டர் செங்குத்து அச்சைத் தானாகவே நீட்டிச் சுருக்கும். அந்த இரண்டு எண்களும் அதை ஓரிடத்தில் பிடித்து வைக்கும். இல்லாவிட்டால் பத்தில் ஒரு டிகிரி அசைவுகூட மலையேற்றமாகத் தெரியும்.

படி 7: கோப்பில் சேமித்தல்

சீரியல் பிளாட்டர் எதையும் சேமிப்பதில்லை. கடைசியாக வந்த சில புள்ளிகள் மட்டுமே திரையில் நிற்கும். ஆறு மணி நேரக் கோடு வேண்டுமென்றால் கோப்பு வேண்டும். நிரல் எழுத விரும்பாதவர்களுக்கு மிக எளிய வழி புட்டி என்ற இலவச மென்பொருள். இணைப்பு வகையாக சீரியலையும், போர்ட் பெயரையும், 9600 வேகத்தையும் கொடுங்கள். 'லாகிங்' பகுதியில் அச்சாகும் எழுத்துகளைப் பதிவு செய்யும்படி தேர்ந்தெடுத்து, கோப்பின் பெயரைச் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த எண்களின் கோப்பு) என்ற பின்னொட்டோடு கொடுங்கள். திறந்ததும் எண்கள் ஓடும், கோப்பும் நிரம்பும்.

ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் போர்ட்டைப் பிடித்திருக்க முடியும். புட்டி திறக்க மறுத்தால் பின்னணியில் சீரியல் பிளாட்டர் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அத்துடன், போர்ட்டைத் திறந்தவுடன் ஊனோ தன்னைத்தானே மீட்டமைத்துக்கொள்ளும். நேரம் சுழியிலிருந்து தொடங்கும். முதல் வரி அரைகுறையாக வந்திருந்தால் அழித்துவிடுங்கள்.

இரவு முழுவதும் ஓடும் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் சென்சார் இல்லை, கணினியின் உறக்கம்தான். மின்சேமிப்பு அமைப்பில் உறக்கத்தை நிறுத்துங்கள், மூடியை மூடினாலும் விழித்திருக்கச் சொல்லுங்கள், தானியங்கிப் புதுப்பிப்பை அன்று ஒத்திவையுங்கள். மடிக்கணினி என்றால் மின்வெட்டையும் தாண்டிவிடும்.

படி 8: விரிதாளில் வரைதல்

லிப்ரே ஆபீஸ் கால்க்கில் கோப்பைத் திறந்து, பிரிப்பானாகக் காற்புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். புதிய பத்தியில் மில்லிவிநாடியை 60,000ஆல் வகுத்து நிமிடமாக்குங்கள். வரைபட வகையில் 'லைன்' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது நேரத்தை வெறும் பெயர்ச்சீட்டாகக் கருதி எல்லாப் புள்ளிகளையும் சம தூரத்தில் அடுக்கிவிடும். நடுவில் அரை மணி நேரம் பதிவு அறுந்திருந்தாலும் அந்த இடைவெளி தெரியாது. 'எக்ஸ்ஒய் ஸ்காட்டர்' வகைதான் நேரத்தை நேரமாக மதிக்கும். கோடுகளை வழுவழுப்பாக்கும் தேர்வையும் அணைத்துவையுங்கள். புள்ளிகளுக்கு இடையே இல்லாத வளைவுகளை அது கற்பனையாக வரையும்.

மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்கள் எக்செலின் 'டேட்டா ஸ்ட்ரீமர்' என்ற துணைக்கருவியால் எண்களை நேரடியாக விரிதாளுக்குள்ளேயே வரவழைக்கலாம்.

படி 9: பைத்தானில் நேரடிக் கோடு

வரும்போதே வரையவும் வேண்டும், சேமிக்கவும் வேண்டும் என்றால் பைத்தான் என்ற நிரல்மொழி. அதன் நூலகங்களில் 'பைசீரியல்' போர்ட்டைப் படிக்கும், 'மேட்பிளாட்லிப்' வரையும். நிரலின் ஓட்டத்தை வரிசையாகச் சொல்கிறேன். போர்ட்டைத் திறந்து இரண்டு விநாடி காத்திருங்கள், போர்டு விழிக்கட்டும். ஒரு வரியைப் படித்துக் காற்புள்ளியில் பிரியுங்கள். மூன்று துண்டுகள் இல்லாவிட்டாலோ, ஒன்று எண்ணாக மாற மறுத்தாலோ, அந்த வரியை வரைய வேண்டாம். அதற்காக நிரல் நின்றுவிடவும் கூடாது. நல்ல வரியைக் கணினி நேரத்தோடு உடனே கோப்பில் எழுதுங்கள். வரைவது அதற்குப் பிறகுதான். திரை உறைந்து நிரல் முறிந்தாலும் கோப்பு பிழைத்திருக்க வேண்டும்.

வேகமான சென்சார்களோடு வேலை செய்யும்போது இங்கே ஒரு விசித்திரம் நடக்கும். சென்சாரை விரலால் பிடிப்பீர்கள்; பத்து விநாடி கழித்துத்தான் கோடு ஏறும். சென்சார் மந்தமாகிவிட்டதோ என்று தோன்றும். உண்மையில் படம் வரைய எடுக்கும் நேரத்துக்குள் புது வரிகள் வந்து கணினியின் இடைநினைவகத்தில் வரிசையில் நிற்கின்றன. நீங்கள் பார்ப்பது பழைய வரி. ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம் என்று வரையாமல், காத்திருக்கும் எல்லா வரிகளையும் படித்து முடித்துவிட்டு ஒரு படம் வரையுங்கள். தாமதம் மறைந்துவிடும்.

வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் எழுத்தை அனுப்பப் பத்து பிட் ஆகும். 9,600 வேகத்தில் விநாடிக்கு 960 எழுத்துகள். மூன்று இலக்க எண்ணும் வரிமுடிவின் இரண்டு எழுத்துகளும் சேர்ந்தால் ஐந்து. ஆகவே விநாடிக்கு 192 அளவுகளுக்கு மேல் போகாது. 1,15,200 வேகத்துக்கு மாற்றினால் 2,304. ஓர் அலையை அளக்க அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் எண்கள் வேண்டும். 50 ஹெர்ட்ஸ் அலையை விநாடிக்கு 49 முறை அளந்தால், விநாடிக்கு ஒரு தடவை எழுந்து விழும் ஓர் அழகான பொய் அலை திரையில் தோன்றும். இவற்றையெல்லாம் சோதிக்கும் ஆர்வத்தில் வீட்டு மின்சாரத்தை மட்டும் போர்டுக்கு அருகே கொண்டுவந்துவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து.

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. புது தில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தின் பீனிக்ஸ் திட்டத்தில் உருவான எக்ஸ்ப்ஐஸ் என்ற கருவி, இதே வேலையை இயற்பியல் சோதனைகளுக்கென்றே பைத்தானில் செய்து தருகிறது.

படி 10: பானையை வைத்தல்

பானையை முந்தின நாளே நிரப்பி ஊறவையுங்கள். சுவர் ஊறினால்தான் வெளிப்புறம் ஈரம் கசியும். மறுநாள் அதைக் காலிசெய்து, பானைக்கும் பாத்திரத்துக்கும் ஒரே வாளியிலிருந்து ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு சென்சார்களும் ஒரே ஆழத்தில், சுவரைத் தொடாமல் தொங்க வேண்டும். வெயில் இரண்டின் மேலும் படக் கூடாது. மூடிகள் இரண்டுக்கும் வேண்டும்.

மூன்றாவது டிஎஸ்18பி20 ஒன்று கிடைத்தால் இந்தச் சோதனையின் அழகே கூடிவிடும். அதன் எஃகு நுனியில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, ஒரு முனையைக் கிண்ணத் தண்ணீரில் விட்டு, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அது காட்டுவது ஈரக்குமிழ் வெப்பநிலை. அந்த அறையில், அந்த நேரத்தில், ஆவியாதலால் எட்டக்கூடிய தரை. பானையின் கோடு இதை நோக்கி இறங்கும், ஆனால் தாண்டாது. கடற்கரை ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இந்தத் தரை உயரத்தில் இருக்கும். உள்நாட்டின் வறண்ட ஊர்களில் அதே பானை இன்னும் நன்றாகக் குளிரும்.

கோட்டைப் படிக்க ஒரு கணக்கு துணைபுரியும். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். ஐந்து லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிர்விக்க 21 கிலோ ஜூல் வெளியேற வேண்டும். பத்து கிராம், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு நீர் பானையின் தோலிலிருந்து பறந்தாலே, வெளியிலிருந்து வெப்பம் எதுவும் உள்ளே வராத பட்சத்தில், முழுப் பானையும் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் குளிர்ந்துவிடும். சமையலறைத் தராசில் பானையை வைத்து எடையையும் குறித்துக்கொண்டால், ஆவியான நீரையும் கோட்டின் இறக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வெளிக்காற்று திருப்பித் தரும் வெப்பம் எவ்வளவு என்பது அந்த வித்தியாசத்தில் தெரியும்.

மின்விசிறியைப் போட்ட நேரம், கதவைத் திறந்த நேரம், ஒரு குவளை மொண்ட நேரம் எல்லாவற்றையும் கடிகாரம் பார்த்துக் காகிதத்தில் குறியுங்கள். பதிவு தொடங்கிய நேரத்தையும் சேர்த்து. பிறகு வரைபடத்தில் ஒரு திருப்பம் தெரியும்போது, அது பானையின் வேலையா, வீட்டாரின் வேலையா என்று சொல்ல அந்தக் காகிதம்தான் உதவும். பானையின் கோடு கிடையாகி அரை மணி நேரம் அசையாமல் நின்றால் புட்டியை மூடுங்கள். கோப்பின் பெயரில் தேதியையும் 'விசிறியுடன்' என்ற குறிப்பையும் சேர்த்துச் சேமித்துவிட்டு, அடுத்த நாள் அதே நேரத்தில், விசிறி இல்லாமல், பானையை மறுபடி நிரப்புங்கள். ஈரத்துணிச் சென்சாருக்கு மட்டும் ஒரு சிறு விசிறி, பானைப் பக்கம் காற்று போகாதபடி திருப்பி வைத்து, ஓடிக்கொண்டிருக்கட்டும்.